சாதி பார்ப்பதில்லை என்ற பலகையும் இல்லாத பதிவேடும்

(திருப்பூரில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற பெரிய பனியன் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும் சுவரில் வரிசையாகச் சில பலகைகள் மாட்டியிருக்கும். குழந்தைத் தொழிலாளர் இங்கே இல்லை, கட்டாய வேலை இல்லை, தீப்பிடித்தால் வெளியேறும் வழி இது என்றெல்லாம் எழுதியிருக்கும். அவற்றில் ஒன்று, இனம், சாதி, மதம், பால் பார்த்து இங்கே பாகுபாடு காட்டுவதில்லை என்று சொல்லும். முதலாளி மனமுவந்து மாட்டிய பலகை அல்ல அது. எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழின் விதிகளில் 'சாதி' என்ற சொல் இருக்கிறது. பிரிட்டனின் 'எதிக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ்' அமைப்பின் அடிப்படை விதிகளிலும் இருக்கிறது. பலகை இல்லாவிட்டால் ஆர்டர் சிக்கலாகும் என்பதால் பலகை வந்தது.

பையர் ஆடிட் வரும்போது என்ன பார்ப்பார்கள் என்பது இங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, வயதுச் சான்று, தீயணைப்புக் கருவியின் தேதி, கழிப்பறைகளின் எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு. காகிதம் பொய்யாக இருக்கலாம். ஆனால் பொய் என்று நிரூபிக்கவாவது ஒரு காகிதம் வேண்டும் அல்லவா? சாதிப் பலகைக்கு மட்டும் அப்படி எந்தக் காகிதமும் கிடையாது. ஆடிட்டர் நாலு தொழிலாளிகளைக் கூப்பிட்டு, "இங்கே சாதி பார்ப்பாங்களா?" என்று கேட்பார். "இல்லைங்க" என்பார்கள். ஒரு டிக். அந்த டிக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், அந்த "இல்லைங்க" முழுப் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. நம் தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமங்களில் அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கிடந்தன. கவுண்டரின் தோட்டத்தில் வேலை, கொட்டாங்குச்சியில் தண்ணீர், வாயில் எப்போதும் 'சாமி'. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் இன்று பஸ் ஏறி வந்து, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார். பக்கத்து மெஷினில் இருப்பவரின் சாதி அவருக்குத் தெரியாது, இவருடைய சாதி அவருக்கும் தெரியாது. சூப்பர்வைசரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறார். 'சாமி'யிலிருந்து 'அண்ணா'வுக்கு வந்தது சின்னப் பயணம் என்று நினைப்பவர்கள் 'சாமி' என்று ஒரு நாளும் சொல்ல நேராதவர்கள்.

கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூர் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களை எடுத்து நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். 2014-இல் வெளியான அவர்களது கட்டுரையின் தலைப்பிலேயே டி-ஷர்ட்டும் டம்ளரும் இருக்கும். ஒரு கிராமத்துத் தலித்துகள் தினமும் திருப்பூர் கம்பெனிகளுக்கு வந்து போகிறார்கள். அங்கே ஆதிக்கச் சாதியின் பிடி தளர்ந்திருக்கிறது. காரணம், சோறு அந்த ஊர்க் கவுண்டரின் கையில் இல்லை. இன்னொரு கிராமத்தில் விசைத்தறிகள் வந்தன. தறி கவுண்டருடையது, ஓட்டுபவர் தலித். வேலைக்குச் சேரும்போதே முன்பணம் கொடுக்கிறார்கள். முன்பணம் கழியும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கழியவும் கழியாது. கல்யாணம், காய்ச்சல், தீபாவளி என்று அது ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஊரில் தொழில் நவீனமானது, உறவு பழையதாகவே இருந்தது.

நமக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு கறாரான பாடம். தொழிற்சாலை வந்தால் சாதி தானாகப் போகும் என்பதும் தவறு, எங்கே போனாலும் எதுவும் மாறாது என்று உதடு பிதுக்குவதும் தவறு. யாரிடம் கடன்பட்டிருக்கிறோம், வேறு முதலாளியிடம் போக வழி இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த வகையில், 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் வந்த கட்டணமில்லாப் பயணத்தை நான் ஒரு சாதி ஒழிப்புத் திட்டமாகவே பார்க்கிறேன். அரசு அதை அப்படி விளம்பரப்படுத்தவில்லை, நாமும் அப்படிப் பேசவில்லை. நூறு நாள் வேலையும் அப்படித்தான். களை எடுக்க வரமாட்டேன் என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது. தோட்டக்காரர்கள் அதை ஏன் அவ்வளவு திட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சரி, கம்பெனிக்குள் வந்தாயிற்று. அதற்குப் பிறகு?

பனியன் கம்பெனியில் வேலைக்குப் படிகள் உண்டு. பிசிறு வெட்டுவது, அடுக்கிக் கட்டுவது, கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஒரு பக்கம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர் இன்னொரு பக்கம். அதற்கு மேலே லைன் சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், மெர்ச்சண்டைசர். அதற்கும் மேலே சொந்தமாக நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர். "ஆட்கள் தேவை" என்று கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குத்தான். அங்கே கதவு திறந்தே இருக்கிறது, ஆள் பற்றாக்குறை அப்படி. அதற்கு மேலே உள்ள இடங்களுக்கு யாரும் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. அவை பேச்சில் போகின்றன. "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்ற பேச்சில்.

அந்த 'நம்ம' என்ற சொல்லை அளக்க ஒரு கேள்வி இருக்கிறது. என் ஆய்வுக்காகப் பேசியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அது. "எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது, "ஊருக்குள்ளயா, காலனியா?" சாதி என்ற சொல்லே வாயில் வராது. குரலில் வெறுப்பும் இருக்காது, நலம் விசாரிப்பதுபோல இருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லது. கம்பெனி வண்டி எங்கே நின்று ஆள் ஏற்றுகிறது என்பதைப் பார்த்தால் அந்தச் சொல் இன்னும் எங்கே உயிரோடு இருக்கிறது என்று தெரியும். பதில் சொல்லும் இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நான் திருப்பூர்லயே இருக்கறேன்னு சொல்லிருவேன்ங்க. லைன் வீட்டு அட்ரஸுக்கு சாதி இல்லைங்களே." அந்த லைன் வீட்டை வாடகைக்குப் பிடிக்கும்போது அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரே சிரித்தார்.

இந்த ஊரின் பெருமைக் கதை ஒன்று உண்டு, நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். வெறுங்கையோடு வந்தோம், உழைத்தோம், முதலாளி ஆனோம். ஷரத் சாரி 2004-இல் திருப்பூரைப் பற்றி எழுதிய நூல் இந்த 'உழைப்பு' என்ற சொல்லைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது. விவசாயப் பின்னணியில் இருந்து வந்து, கம்பெனியில் தொழிலாளியாக இருந்து, முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உயர்வை உழைப்பால் வந்தது என்று சொல்வதை அவர் விரிவாகப் பதிவு செய்கிறார். அந்த உழைப்பு பொய் இல்லை. இரவு பகலாக மெஷினோடு கிடந்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். என் கேள்வி வேறு. இந்த வட்டாரத்தில் உழைப்புதான் மூலதனம் என்றால், கிணறு வெட்டியவரும் கவலை ஓட்டியவரும் பருத்தி எடுத்தவரும் அல்லவா முதலில் முதலாளி ஆகியிருக்க வேண்டும்? அவர்களைவிட யார் உழைத்தார்கள்?

விடை நூல் கடையில் இருக்கிறது. நூலைக் கடனுக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கூட்டுச் சேர மச்சான் வேண்டும். அடமானம் வைக்க ஒரு ஏக்கராவது வேண்டும். முதல் ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கப் பழைய முதலாளி வேண்டும், அவர் நம்மைச் சொந்தக்காரனாக நினைக்க வேண்டும். ஒருவரின் உழைப்பு முதலாவதற்கும் இன்னொருவரின் உழைப்பு கூலியாகவே நின்றுவிடுவதற்கும் நடுவே இருப்பது இவ்வளவுதான். நாடு முழுக்க நிலைமை இதுதான். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்தவர்கள், பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில் நிறுவனங்கள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை என்று கண்டார்கள். மக்கள் தொகையில் அவர்கள் நூற்றுக்குப் பதினாறு.

படித்து, விண்ணப்பம் போட்டு வேலை தேடுகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2005-இல் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஒன்று என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்காணலுக்கே வராத ஒருவரின் 'திறமை' எப்படிக் குறைந்தது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, அதனால் இங்கே இந்தச் சோதனை செல்லாது என்று சிலர் சொல்வார்கள். பெயருக்குப் பின்னால் இல்லைதான். அதனால்தானே "ஊருக்குள்ளயா, காலனியா?"

இந்த இடத்தில் ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். நம்மைப் போலவே நூலை நம்பி வாழ்ந்த இன்னொரு நகரம் பம்பாய். அங்கே பஞ்சாலைகளில் தலித்துகள் வேலை செய்தார்கள், ஆனால் நெசவுப் பிரிவில் அவர்களைச் சேர்ப்பதில்லை. நெசவுதான் கூலி அதிகமான பிரிவு. காரணம் என்ன தெரியுமா? தார் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி ஓடத்தின் கண்ணில் இழுக்க வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்றவர்கள் மற்ற தொழிலாளிகள். 1928-இல் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் ஏற்றார்கள்.

திருப்பூருக்கும் வேலைநிறுத்த வரலாறு உண்டு. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் நின்ற ஊர் இது. சங்கங்களின் மீது எனக்கு மரியாதை உண்டு, இந்தக் கூட்டத்திலேயே சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களோடு போடும் சம்பள ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். டெய்லருக்கு இவ்வளவு, கட்டிங்குக்கு இவ்வளவு, கைமடிக்கு இவ்வளவு என்று படிக்குப் படி கூலி இருக்கும். கைமடியில் இருப்பவர் எத்தனை ஆண்டுகளில் மெஷினுக்குப் போகலாம், யார் முடிவு செய்வது என்ற பேச்சு வராது. படிக்கட்டின் ஒவ்வொரு படிக்கும் விலை பேசிவிட்டு, ஏறுவதை மட்டும் மேஸ்திரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு அரசு வேலைக்கு மட்டும். 2009-இல் அருந்ததியருக்கு வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீட்டை ஏற்றதால் உறுதிப்பட்டது. அதுவும் அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் சேர்வதைத் தடுப்பதும் குற்றம். நல்ல பிரிவு. ஆனால் அது குற்றவியல் சட்டம், எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். "ஆள் எடுத்தாயிற்று" என்ற இரண்டு சொல்லில் எந்த எண்ணத்தை நிரூபிப்பீர்கள்? 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலைக்கு எடுப்பதிலும் கூலியிலும் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லை. வேலையில் பாகுபாட்டை ஒழிக்கும் 111-ஆவது ஐஎல்ஓ உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1960-இல். எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2018 ஜூலையில் இதே மாவட்டத்தில், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். நம் இயக்கங்கள் போராடின, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்குப் பதிவானது. எப்படி முடிந்தது? அவர் அரசு ஊழியர். ஓர் உத்தரவு இருந்தது, அதில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, முற்றுகையிட ஓர் அலுவலகம் இருந்தது. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக முடியாமல் போன பையனுக்கு என்ன உத்தரவு இருக்கிறது? எந்த அலுவலகத்தை முற்றுகையிடுவது?

அதனால் என் வாதம், முதல் வேலை எண்ணுவது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களை நல்ல வேலைகளில் சேர்ப்பதில்லை என்று பல பத்தாண்டுகள் குமுறல் இருந்தது. அங்கேயும் பெயரையும் படித்த பள்ளியையும் தெருவையும் கேட்டாலே யார் என்று தெரிந்துவிடும், நம் ஊர்க் கேள்வி மாதிரியேதான். 1989-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் ஆட்களில் புராட்டஸ்டன்ட் எத்தனை பேர், கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை அதில் உருவானது. கணக்கு சரியில்லை என்றால் ஏன் என்று ஓர் ஆணையம் கேட்கும். இட ஒதுக்கீடு இல்லை. எண்ணிக்கையும், அதற்குப் பதில் சொல்லும் கடமையும்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் வேலைகளில் கத்தோலிக்கர் பங்கு கண்கூடாக உயர்ந்தது. சட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் சட்டம் இல்லாமல் நடந்திருக்காது.

இங்கே இரண்டு கேள்விகள் வரும். சாதியை எழுதி வைத்தால் சாதியை வளர்ப்பதாகாதா என்பது ஒன்று. பெரியார் மண்ணில் இதைக் கேட்பவர்களுக்கு, வகுப்புவாரி உரிமை எண்ணிக்கையில்தான் தொடங்கியது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். இரண்டாவது கேள்வி கடினமானது. ஒரு தலித் தொழிலாளி என்னிடம் கேட்டார்: "இப்ப யாருக்கும் தெரியாம நிம்மதியா இருக்கறேன். நீங்க எழுத வெச்சு எல்லாருக்கும் தெரியப்படுத்தணுமா?" இதற்கு வட அயர்லாந்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தால் சரிப்படாது. விவரம் கம்பெனியின் கைக்கே போகக் கூடாது. 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியல் சாதியா, பிற்படுத்தப்பட்டோரா என்று ஏற்கெனவே பதிகிறார்கள். அதே மாதிரி, தொழிலாளி தானே தொழிலாளர் துறையிடம் நேரடியாகப் பதிய வேண்டும். கம்பெனிக்கும் ஊருக்கும் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும், படிவாரியாக. கைமடியில் எத்தனை விழுக்காடு, சூப்பர்வைசரில் எத்தனை, ஜாப் ஒர்க் எடுப்பவர்களில் எத்தனை. வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களை ஒரே சொல்லில் 'இந்திக்காரங்க' என்று சொல்லிவிடுகிறோம், அந்தச் சொல்லுக்குள் எத்தனை சாதி அடுக்கு இருக்கிறது என்று நாமே பார்ப்பதில்லை.

தனியார் கம்பெனியை இதற்கு எப்படிக் கட்டாயப்படுத்துவது? தனியார் என்கிறோம், யார் பணத்தில் நடக்கிறது? 1999-இல் தொடங்கி 2022 வரை இருந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் மெஷினுக்கு மானியம், ஏற்றுமதிக்கு வரித் திருப்பம், மாநில அரசின் ஜவுளிக் கொள்கையில் இன்னும் சில சலுகைகள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் பொதுப்பணத்தையும் வாங்கித்தான் வளர்ந்தது. மானிய விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூட்டினால் போதும். கணக்குக் கொடுத்தால் மானியம்.

ஒப்பந்தம் மூலமாகவும் வழி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட டிடிசியு சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலினம், சாதி, புலம்பெயர்வு மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒப்பந்தம் அது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்பட்டன. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள், ஆலை மீறினால் ஆர்டர் போகும் என்ற நிலை வந்தது. பலகைக்கும் இதற்கும் வேறுபாடு இதுதான். பலகையைச் சரிபார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர். இதைச் சரிபார்ப்பவர் அடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு பெண் சாக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

விசைத்தறிப் பக்கம் புதுச் சட்டமே தேவையில்லை. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம், அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியர் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் போகும்படி நாம் மனு கொடுக்க வேண்டும். மனு எழுத ஊர்வாரியாக விவரம் வேண்டும். பல்லடம் பக்கத்துத் தோழர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சங்கத் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த சம்பள ஒப்பந்தத்துக்கு நீங்கள் தயாரிக்கும் கோரிக்கைப் பட்டியலில், கைமடியிலிருந்து மெஷினுக்கும் மெஷினிலிருந்து சூப்பர்வைசருக்கும் ஏறுவது எப்படி என்று ஒரு பக்கம் சேருங்கள். வரைவு எழுதும் வேலையை எங்களுக்குக் கொடுங்கள், எழுதித் தருகிறோம்.